தவறான கணக்கு, சரியான விடை

பிரபஞ்சம் பிறந்த முதல் சில நிமிடங்களிலேயே உருவான தனிமங்களில் லித்தியமும் ஒன்று. அந்த எளிய உலோகத்தின் உப்பு மனநோய்க்கு மருந்தாகும் என்று காட்டியவர் ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட்.

1912இல் பிறந்த கேடின் அப்பாவும் மனநல மருத்துவமனை டாக்டர்தான். மருத்துவமனை வளாகங்களிலேயே குடியிருப்பு என்பதால், மற்றவர்கள் பார்த்து ஒதுங்கிய நோயாளிகளோடு பழகி வளர்ந்தார் பையன். இரண்டாம் உலகப் போரில் ராணுவ மருத்துவராகச் சிங்கப்பூர் போனவர் 1942இல் ஜப்பானியரிடம் சிக்கி, மூன்றரை ஆண்டு சாங்கி முகாமில் கிடந்தார். சக கைதிகள் சிலருக்கு மனம் பேதலித்ததைக் கவனித்தபோது, இந்நோய்களின் வேர் உடம்பின் வேதியியலில் இருக்கிறது என்ற எண்ணம் அவருக்கு வலுப்பட்டது.

ஊர் திரும்பி, மெல்போர்னை அடுத்த பண்டூரா மருத்துவமனையில் சேர்ந்தார். ஆய்வுக்கூடம் என்று எதுவும் இல்லை; யாரும் பயன்படுத்தாத ஓர் அறை, சில கினிப்பன்றிகள், அவ்வளவுதான். உறக்கமின்றி ஓயாமல் பேசவும் அலையவும் வைக்கும் மேனியா நோய்க்கு, உடலில் ஏதோ ஒரு பொருள் மிகுந்துபோவதே காரணம் என்பது அவர் கணிப்பு. மிகுந்தது சிறுநீரில் வந்துதானே ஆகவேண்டும்? நோயாளிகளின் சிறுநீரைச் சேகரித்து வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தார். (அந்த வீட்டு அம்மாவின் பொறுமைக்கும் ஒரு விருது கொடுத்திருக்கலாம்.) அதைக் கினிப்பன்றிகளுக்கு ஊசியில் செலுத்தினார். அந்தச் சிறுநீர் விலங்குகளுக்கு நஞ்சாவதில் யூரிக் அமிலத்துக்குப் பங்கு உண்டா என்று பார்க்க விரும்பினார். அது நீரில் எளிதில் கரையாது. அதன் லித்தியம் உப்பு கரையும். லித்தியம் உள்ளே வந்தது இப்படித்தான், வெறும் கரைப்புக்காக.

ஆனால் லித்தியம் செலுத்தப்பட்ட விலங்குகள், சின்ன ஓசைக்கே துள்ளுபவை, மல்லாத்திப் போட்டாலும் சாதுவாகக் கிடந்தன. அது நஞ்சின் மயக்கமாகவே இருந்திருக்கலாம் என்பது பிற்கால ஆய்வாளர் பலரின் கருத்து. கேட் முதலில் தானே லித்தியத்தை விழுங்கிப் பார்த்தார். பிறகு, 1948 மார்ச்சில், ஐந்து ஆண்டாக மேனியா தணியாதிருந்த 51 வயதுக்காரர் ஒருவருக்குக் கொடுத்தார். நாலு மாதத்தில் அவர் வீடு திரும்பி, பழைய வேலையிலும் சேர்ந்துவிட்டார்! மேனியா நோயாளிகள் பத்துப் பேரிடம் கண்ட பலனைக் கேட் 1949 செப்டம்பரில் கட்டுரையாக வெளியிட்டார்.

கணிப்பு பிழை, கண் தவறவில்லை. பறவைகளையும் விலங்குகளையும் மணிக்கணக்கில் கவனிப்பதில் ஆர்வம் கொண்டவர் அவர். வார்டிலும் அந்தக் கண்ணே வேலை செய்தது என்பேன். பின்னாளில் ராயல் பார்க் மருத்துவமனையின் தலைவராகி, அங்கிருந்த அதிகாரத் தோரணையைத் தளர்த்தியவரும் அவரே.

இதில் ஒரு துயரமும் உண்டு. அந்த முதல் நோயாளி 1950இல் லித்தியம் நஞ்சேறியே இறந்தார். இதயநோயாளிகளுக்கு மாற்று உப்பாக விற்ற லித்தியத்தால் அமெரிக்காவிலும் சிலர் மாண்டிருந்தனர். இரத்தத்தில் லித்தியத்தை அளந்து கொடுத்தால் ஆபத்தைத் தவிர்க்கலாம் என்று மெல்போர்ன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 1954இல் டென்மார்க்கின் மோகன்ஸ் ஷோ முறையான சோதனையில் பலனை உறுதிசெய்தார். இயற்கை உப்புக்குக் காப்புரிமை கிடைக்காது; மருந்துக் கம்பெனிகளுக்கு அதில் பெரிய அக்கறையும் இல்லை. அமெரிக்கா 1970இல்தான் அனுமதித்தது.

மேனியா தலைகாட்டும் இருதுருவ மனநோய்க்கு இன்றும் லித்தியம் முதன்மையான மருந்து. பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. வீட்டில் யாராவது லித்தியம் சாப்பிட்டால், டாக்டர் சொன்ன நாளில் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் விடாதீர்கள்.