அடிக்கடி தடிமன் பிடிக்கும் பிள்ளை

“மாதம் தவறாமல் தடிமன், இருமல். இவனுக்கு உடம்பில் எதிர்ப்புச் சக்தியே இல்லை.” எமது கிராமத்துத் தாய்மார் பலரின் கவலை இது. இதில் எவ்வளவு உண்மை உண்டு என நோக்குவோம்.

கருவிலிருக்கும் கடைசி மாதங்களில் தாயின் பிறபொருளெதிரிகள், அதாவது நோய்க்கிருமிகளை எதிர்க்கும் புரதங்கள், குழந்தையின் குருதியில் சேர்கின்றன. ஆறு மாதமளவில் இவை பெரிதும் குறைந்துவிடும். அதன்பின் பிள்ளையின் உடலே அவற்றைப் போதியளவு உருவாக்கப் பழக வேண்டும். தடிமனை உண்டாக்கும் வைரசுகளோ 200க்கும் மேற்பட்டவை. ஒவ்வொன்றும் முதன்முறை தொற்றும்போதே உடல் அதனை இனங்கண்டு எதிர்க்கப் பழகுகின்றது. ஆகவே சிறு பிள்ளைக்கு வருடத்தில் 6 முதல் 8 தடவை தடிமன் வருவது வழமையே. முன்பள்ளிக்குச் செல்லத் தொடங்கியதும் இது இன்னும் கூடலாம். இடைநாட்களில் பிள்ளை ஓடி விளையாடி, நிறையும் ஒழுங்காகக் கூடிவருமாயின் பயப்படத் தேவையில்லை.

எனினும், மிகச் சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே இச்சக்தி குறைவு. 1952இல் அமெரிக்க இராணுவ வைத்தியர் ஒக்டன் புரூட்டன், கடுந்தொற்றுகளால் திரும்பத் திரும்ப நோயுற்ற 8 வயதுச் சிறுவனின் குருதியில், பிறபொருளெதிரிகள் அடங்கிய காமா குளோபுலின் இல்லாதிருப்பதைக் கண்டார். அதனை ஊசி மூலம் ஏற்றியபோது சிறுவன் தேறினான். ஆகவே, ஒரே வருடத்தில் இருமுறை நியூமோனியா, அடிக்கடி காதில் சீழ், நிறை கூடாமை ஆகியவை காணப்பட்டால் பிள்ளையை வைத்தியரிடம் காட்டிப் பரிசோதிக்க வேண்டும்.

இருமலோடு மூச்சு வேகமானால் தாமதிக்கலாகாது. பிள்ளை அமைதியாக இருக்கையில் ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். 2 மாதம் முதல் ஒரு வயதுவரை 50, அதன்பின் 5 வயதுவரை 40, அல்லது அதற்கு மேற்பட்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். மூச்செடுக்கையில் நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலும் அவ்வாறே.

வீட்டில் நாம் செய்யக்கூடியவையும் உண்டு. முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். அதிலும் பிறபொருளெதிரிகள் உண்டு. தடுப்பூசிகளைத் தவறவிடாதீர்கள். சின்னமுத்து வந்தால், உடல் முன்னர் பெற்ற எதிர்ப்புச் சக்தியிற் பெரும்பகுதியும் அழிந்துபோகலாம். அடுப்புப் புகையும் சிகரட் புகையும் சுவாசக்குழாயிற் சளியை வெளித்தள்ளும் நுண்ணிய மயிர்களைப் பழுதாக்கும். பிள்ளையை அவற்றிலிருந்து விலக்கி வையுங்கள். தடிமனுக்கென அன்ரிபயோட்டிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். அது வைரசைக் கொல்லாது. அப்பணத்திற்கு முட்டையும் பயறும் நெத்தலியும் வாங்கினால் பிள்ளைக்குப் பயன்படும்.