மூன்று விரல் உப்பு, ஒரு பிடி சர்க்கரை

முகாம் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு வயிற்றோட்டத்தைப் பற்றி நாம் விளக்கத் தேவையில்லை. மழை பெய்து, மலசலகூடக் குழி நிரம்பி, கிணற்று நீர் கலங்கினால் முதலில் சோர்ந்து விழுபவர்கள் பிள்ளைகளே.

1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறக்குறைய ஒரு கோடி மக்கள் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தனர். எல்லையோரமுள்ள பொன்கான் என்னுமிடத்தில் வாந்திபேதி பரவியது. ஏற்றுவதற்குச் சேலைன் போதவில்லை. வைத்தியர் திலீப் மகலனாபிஸ் உப்பையும் குளுக்கோசையும் அப்பச்சோடாவையும் நீரில் கரைத்துப் பீப்பாய்களில் நிரப்பினார். நோயாளருக்குப் பருக்கும் வேலையை உறவினரிடமே ஒப்படைத்தார். நூற்றுக்கு 30 அளவிலிருந்த மரணம் 4க்கும் கீழே இறங்கியது. வயிற்றோட்டத்தின்போதும் குடல் சீனியை உறிஞ்சும். அதனோடு உப்பும் நீரும் உள்ளே செல்லும். சூட்சுமம் அவ்வளவுதான்.

அந்நாட்டவரான பஸ்லே ஹசன் ஆபெத் 1972இல் தொடங்கிய 'பிராக்' என்ற தொண்டர் நிறுவனம், 1980 முதல் இந்த அறிவை வீடு வீடாகக் கொண்டு சென்றது. பொதி எதுவும் கொடுக்கவில்லை. மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு பிடி சர்க்கரை, அரைச் சேர் தண்ணீர். இதைத் தாயே தன் கையால் கரைத்துக் காட்ட வேண்டும். சில வாரங்களின் பின் வேறொருவர் வந்து சோதிப்பார். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதற்கேற்பவே கற்பித்தவருக்குச் சம்பளம். நிவாரணப் பொதிகளை எண்ணியே கணக்குக் காட்டப் பழகிய எம் போன்றோருக்கு இது சற்று உறைக்கும்.

ஆயினும் தொடக்கத்தில், கற்ற தாய்மார் பலர் அதைப் பயன்படுத்தவில்லை. விசாரித்தபோது, கற்பித்த ஊழியர்களே அதை நம்பாதிருந்தது தெரியவந்தது. அவர்களை டாக்காவிலுள்ள ஆய்வு வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று, நோயாளர் எழுந்திருப்பதைக் கண்ணால் காணச் செய்தார்கள். ஆண்களைப் புறக்கணித்ததும் தவறென உணர்ந்து, பள்ளிவாசலிலும் சந்தையிலும் அவர்களோடு பேசினார்கள். பத்தாண்டில் ஒரு கோடி இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எட்டப்பட்டன.

எம்மவருக்கு ஜீவனிப் பக்கற்று பழக்கமானதே. அது கிடைக்காத இரவில், கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, ஒவ்வொரு முறை வயிற்றால் போனபின்பும் சிறிது சிறிதாகப் பருக்குங்கள். உப்புக் கூடினால் ஆபத்து. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். மலத்தில் இரத்தம் கண்டாலோ, பிள்ளை குடிக்க மாட்டாமல் மயங்கினாலோ, விடியும்வரை காத்திராமல் ஆசுபத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.