ஒலியை எண்ணாக்குதல்

தமிழிலக்கணம் ஒலியை மாத்திரையால் அளந்தது. கண்ணிமைப்பும் கைந்நொடியுமே அதற்கு அளவுகோல். குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, மெய்க்கு அரை என வகுத்தனர் முன்னோர். கணிப்பொறியோ இன்னும் நுணுக்கி அளக்கிறது.

1977-இல் வெளிவந்த ஆப்பிள் 2 போன்ற பழைய வீட்டுக் கணிப்பொறிக்கும் நாமே செவி அமைத்துத் தரலாம். சிங்கப்பூரில், லிட்டில் இந்தியாவை அடுத்த சிம் லிம் டவர் இதற்குரிய மின்னணு உறுப்புகளுக்குப் பெயர்பெற்றது. ஒலிவாங்கி குரலை மின்னலையாக்கும்; பெருக்கி அதனை வலுப்படுத்தும்; ஏ.டி.சி. 0804 என்னும் சில்லு அலையின் உயரத்தை 0 முதல் 255 வரையுள்ள எண்ணாக மாற்றும். ஒருமுறை அளக்க அது கொள்ளும் காலம், நொடியில் ஏறத்தாழ 10,000-இல் ஒரு பங்கு. ஆகவே நொடிக்கு 8,000 முறை அளக்கலாம்.

ஈண்டு ஒரு விதி உண்டு. அளக்கும் எண்ணிக்கையில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வுகள் பொய்யொலியாகத் திரிந்து புகும். எனவே 4,000-க்கு மேற்பட்டவற்றை முன்னரே வடிகட்டல் வேண்டும். வடிகட்டினாலோ, ‘சங்கம்’ என்னும் சொல்லின் முதலெழுத்தை ஸகரம்போல் ஒலிப்பவரின் ஓசை மங்கிவிடும். மேலும், 48 கிலோபைட் நினைவகம் முழுவதையும் ஒதுக்கினாலும் 6 நொடியில் நிறையும். ஒரு குறளை நிறுத்தி ஓதவே அது போதாது.

சிம் வோங் ஹூ 1981-இல் சிங்கப்பூரில் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம், 1989-இல் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையை வெளியிட்டு இப்பணியை உலகெங்கும் எளிதாக்கியது. பின்வந்த கருவிகள் நொடிக்கு 44,100 முறையும் அளக்கின்றன. ஆயினும் கருவி வாங்கியதையே திருப்பித் தரும். பிழைபட ஒலித்த ழகரத்தை அது திருத்தாது. அஃது ஆசிரியர் கடனேயாகும்.