கறள் பிடித்த பிறேக் குழாய்களை மாற்றுதல்

கடலுக்கும் வாவிக்கும் இடையே அமைந்த களுதாவளையில் உப்புக்காற்று இரும்பை விரைவில் அரிக்கும். வெற்றிலையும் மரக்கறியும் சந்தைக்கு ஏற்றும் பழைய வாகனமுடைய கமக்காரர் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும். 1948 முதல் 1971 வரை உற்பத்தியான மொரிஸ் மைனர் காரில் நான்கு சில்லுகளின் பிறேக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்றினால் இயங்குவது. ஒரு குழாய் வெடிப்பின் கைபிறேக் மட்டுமே எஞ்சும்.

கறள் செதிலாக உரியும் குழாயை ஒட்டுப்போடாது முழுமையாக மாற்றுக. கறள் பிடியாத செப்பு நிக்கல் கலப்புலோகக் குழாய் இவ்விடத்திற்கு ஏற்றது. அதிர்வால் வெடிக்கும் வெறும் செப்புக் குழாய் கூடாது. அதன் நுனியைப் பழைய குழாயின் நுனியைப் போன்றே விரித்தல் வேண்டும். புதிய பிறேக் எண்ணெய் இட்டு, எல்லாச் சில்லுகளிலும் காற்றை வெளியேற்றுக. பின்னர் மிதியை அழுத்திப் பிடித்து, இணைப்புகளிற் கசிவு இல்லையெனக் கண்ட பின்னரே சுமையேற்றுக.