நீரால் நீரை எழுப்பும் படகு

ஓடும் படகின் பின்னால் எழும் அலையைக் கப்பல் கட்டுபவர்கள் ஒருநாளும் விரும்பியதில்லை. அதை எழுப்பும் ஆற்றல் முழுவதும் எரிபொருளிலிருந்து வீணாகக் கழிவது. 1870களில் இங்கிலாந்தின் டோர்க்கி நகரில் நீண்ட தொட்டி கட்டி, மாதிரிப் படகுகளை அதில் இழுத்துப் பார்த்த வில்லியம் ஃப்ரூட் அளந்ததும் தண்ணீர் தரும் இந்தத் தடையைத்தான். வேக்போர்டு ஆடுபவர்கள் கேட்பது நேர்மாறானது. ஒற்றைப் பலகையில் கால்களைப் பூட்டிக்கொண்டு, படகு இழுக்கும் கயிற்றைப் பிடித்துச் செல்லும் அவர்களுக்கு அந்த அலைதான் எகிறிக் குதிக்கும் மேடை. அது உயரமாகவும் வேண்டும், உடையாமலும் வேண்டும்.

ஆறு மீட்டர் படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மணிக்கு சுமார் 11 கிலோமீட்டர் வேகத்தில் அது எழுப்பும் அலையின் நீளமும் அதன் நீளமும் சமமாகிவிடும். அதற்கு மேல் வேகமெடுக்கும்போது படகு தன் அலை மீதே ஏற முயல்வதுபோல மூக்கைத் தூக்கும். பிறகு நீர்ப்பரப்பின் மேல் வழுக்கி ஓடத் தொடங்கும். வேக்போர்டு ஆடுவது இந்த நிலையில், மணிக்கு 30 முதல் 38 கிலோமீட்டர் வேகத்தில். அப்போது படகின் பின்புறம் தண்ணீரில் ஒரு பள்ளம் விழுகிறது. பள்ளத்தின் இரு கரைகளும்தான் ஆடுபவர் தேடும் அலைகள். பள்ளம் ஆழமானால் கரை உயரும். பள்ளத்தை ஆழமாக்குவது எடை.

வேகத்தைக் கூட்டினால் போதாதா என்று தோன்றும். போதாது. படகின் பின்னால் விரியும் அலைக்கூம்பின் கோணம் எந்த வேகத்திலும் சுமார் 39 பாகை என்று 1887இல் கெல்வின் பிரபு கணக்கிட்டார். ஆனால் 2013இல் மார்க் ரபோ, ஃப்ரெடெரிக் மொய்சி என்ற இரு பிரெஞ்சு இயற்பியலாளர்கள் கூகுள் எர்த் படங்களில் படகுத் தடங்களை அளந்தார்கள். வேகமாகப் போகும் படகின் கூம்பு குறுகிக்கொண்டே வருவதாக அவர்கள் காட்டினார்கள். வேகம் கூடினால் அலை இறுகும், ஆனால் தாழும்; குறைந்தால் உச்சி நுரைத்துச் சரியும். நடுவே இருக்கும் வேகத்தைப் படகுக்குப் படகு தேடித்தான் பிடிக்க வேண்டும்.

எடை என்றதும் பலரும் தண்ணீர் நிரப்பும் பெரிய பை வாங்க ஓடுகிறார்கள். முதலில் செய்ய வேண்டியது காசு செலவில்லாத சோதனை: படகில் இருப்பவர்களை இடம் மாற்றி உட்கார வையுங்கள். பாரம் பின்னால் போனால் அலை செங்குத்தாக எழும். கொஞ்சம் முன்னால் நகர்த்தினால் சரிவு நீண்டு, ஏறுவதற்கு இதமாகும். ஒரு பக்கம் சாய்ந்தால் இரண்டு அலைகளும் ஒன்றுபோல் அமையாது. சிறு படகின் அலையைக் கெடுப்பது பெரும்பாலும் எடைக் குறைவல்ல, எடை இருக்கும் இடம் என்பதே என் எண்ணம். கயிற்றின் நீளமும் கணக்கில் வரும்: பின்னால் போகப் போக அலைகள் விலகித் தணிகின்றன.

அதன் பிறகுதான் தண்ணீர்ப் பை. ஏரி நீரையே பம்பு வைத்து நிரப்புகிறார்கள். 200 லிட்டர் என்றால் 200 கிலோ. மணல் மூட்டையைவிட இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. படகுக்குள் வெள்ளம் புகுந்தால் மணல் அதை அடிக்கு இழுக்கும். தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை இல்லை. ஆனால் அரைகுறையாக நிரம்பிய பை ஆபத்தானது. படகு திரும்பும்போது உள்ளிருக்கும் நீரும் அதே பக்கம் ஓடிச் சாய்வைக் கூட்டும். காற்றை முழுவதும் வெளியேற்றி நிரப்ப வேண்டும். அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைவான பெரும்பாலான விசைப்படகுகளில், எத்தனை பேர், எவ்வளவு எடை என்ற தகடு இருக்க வேண்டும் என்பது சட்டம். பையின் நீரும் அந்தக் கணக்கில் அடக்கம். பின்புறச் சுவர் தாழ்ந்த சிறு அவுட்போர்டு படகு திடீரென நின்றால், துரத்தி வரும் அதன் அலையே உள்ளே ஏறிவிடும். தகட்டின் எண்ணை மீறி வாங்கும் அலை எனக்கு வேண்டாம்.

எழுப்பிய அலை ஆடுபவரோடு நின்றுவிடுவதில்லை. உயரம் இரட்டித்தால் அலை சுமக்கும் ஆற்றல் நான்கு மடங்காகும். அது போய் மோதுவது கரையில். 1922இல் ரால்ஃப் சாமுவேல்சன் முதன்முதலாக நீர்ச்சறுக்கு ஆடியது மினசோட்டாவின் பெப்பின் ஏரியில். சரியாக நூறாண்டு கழித்து, அதே மாநிலத்தின் பல்கலைக்கழகம் பெரிய அலை எழுப்பும் படகுகளை அளந்து, அவை கரையிலிருந்து 500 அடிக்கு மேல் விலகி ஓட வேண்டும் என்றது. வெர்மாண்ட் மாநிலம் 2024இல் 500 அடித் தொலைவையும் 20 அடி ஆழத்தையும் விதியாக்கியது.

அந்த விதியில் இன்னொன்றும் உண்டு. எடைக்காக நீர் நிரப்பும் பாரத்தொட்டி உள்ள இத்தகைய படகுக்கு ஓர் ஏரிதான் சொந்த ஏரி. வேறு ஏரிக்குக் கொண்டுபோவதற்கு முன் அதைச் சுத்திகரித்தாக வேண்டும். எவ்வளவு இறைத்தாலும் தொட்டியின் அடியில் கொஞ்சம் நீர் தங்கிவிடுகிறது. ஏரிக்கு ஏரி பரவிக் கேடு செய்யும் வரிச்சிப்பியின் (zebra mussel) கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் அடுத்த ஏரியில் குடியேற அதுவே போதும்.