சத்தம் வருவதற்கு எத்தனை பேர் தயவு?
கணினிக்குள் ஒலி – 9

போன வாரம் ஒலி அட்டைவரை வந்து நின்றோம். நிரல் கொடுக்கும் எண்களை அது மின்னலையாக மாற்றி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. அந்த எண்களை அட்டையிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்? பெரும்பாலும் நிரலை எழுதியவர் இல்லை. வேறு யாரோ, வேறு எந்த ஊரிலோ எழுதிவைத்த லைப்ரரி. எம்பி3யைப் பிரிக்க ஒன்று, வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒன்று, அட்டையோடு பேச ஒன்று. இதில் ஒன்று இல்லாவிட்டாலும், இருந்து பதிப்பு மாறியிருந்தாலும், நிரல் திறக்காமலே போகலாம்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம். நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. நிட்டிங் மிஷின் இருந்தது, டைலர் இருந்தார், ஆர்டரும் கையில் இருந்தது. துணிக்குச் சாயம் போட ஆளில்லை.

நிரலுக்கு வருவோம். பல்லடத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையில் உள்ள குண்டடத்தில், பார்வையற்ற கல்லூரி மாணவர் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவரிடம் இருப்பது அண்ணன் படித்த காலத்தில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. அதில் விண்டோஸ் 7. நெட் செல்போனில் மட்டும். அவருக்குத் திரையைப் படித்துக் காட்ட என்விடிஏ இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் 2006இல் தொடங்கிய இலவச நிரல் அது, அவரும் பார்வையற்றவர். நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓடும். விண்டோஸ் 7க்கு அதன் 2023.3தான் கடைசிப் பதிப்பு. ஆனாலும் அது போதும்: செருகி ஓடவிட்டால் தமிழில் பேசும். பேசும் குரல் அதற்குள் இருக்கும் ஈஸ்பீக் என்ஜி.

ஈஸ்பீக்கின் வேர் 1995. ஜோனதன் டடிங்டன் ரிஸ்க் ஓஎஸ் கணினிக்காக ‘ஸ்பீக்’ என்று ஒன்றை எழுதினார். 2006இல் அது திறந்த மூலமாக லினக்ஸுக்கு வந்தது. ஒருவருடைய பேச்சைப் பதிவுசெய்து வெட்டி ஒட்டுவதில்லை. பெரும்பாலும் அலையைக் கணக்குப் போட்டே உண்டாக்குகிறது. அதனால் பல பத்து மொழிகளோடு சேர்த்தும் சில எம்பிக்குள் அடங்குகிறது. தமிழ் உச்சரிப்பு விதிகள் வெறும் எழுத்துக் கோப்பு. ‘குண்டடம்’ என்ற பெயரை அதற்குக் கொடுங்கள். சொல்லின் முதலில் வரும் ககரம் வல்லோசை, ‘ண்’ணுக்குப் பின் வரும் டகரம் மெல்லோசை, அடுத்த டகரம் இரண்டு உயிர்களுக்கு நடுவில் வருவதால் அதுவும் மெல்லோசை. ‘பட்டம்’ என்றால் வேறு விதி. இதற்கெல்லாம் வெளி லைப்ரரி ஒன்றும் வேண்டாம். குரல் அழகில்லைதான். ஆனால் வேகத்தை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றியும் சொல் சிதையாததால்தான் பலர் இதை விடாமல் வைத்திருக்கிறார்கள்.

சிக்கல் கடைசி அடியில் வந்தது, அட்டையோடு பேசும் இடத்தில். அதற்கு ஈஸ்பீக் நம்பியிருந்தது போர்ட்ஆடியோ என்ற லைப்ரரியை. அதன் 18ஆம் பதிப்புக்கும் 19க்கும் இடையே அழைக்கும் முறையே மாறிவிட்டது. சில லினக்ஸில் பழையது, சிலவற்றில் புதியது. டடிங்டன் என்ன செய்தார்? இரண்டு பதிப்பின் தலைப்புக் கோப்புகளையும் மூலத்தோடு வைத்து, ‘உங்களிடம் எது இருக்கிறதோ அதை நகலெடுத்துப் பெயர் மாற்றிக்கொள்ளுங்கள்’ என்று வழிகாட்டிக் குறிப்பில் எழுதினார். நிரலாளருக்கு இது ஒரு நிமிட வேலை. லினக்ஸ் வைத்திருக்கும், நம் மாணவரைப் போன்ற பார்வையற்றவருக்கு, பேசாத கணினியில் இதைச் செய்வது எப்படி?

2015 டிசம்பரில் ரீஸ் டன் ஈஸ்பீக் என்ஜியாக அதைக் கிளை பிரித்தபின் ஒலியனுப்பும் வேலை பிசிஆடியோலிப் என்று தனியே போனது. பில் காக்ஸின் வேகமேற்றும் சோனிக் லைப்ரரியும் அப்படியே. இரண்டும் விருப்பத்துக்கு. இரண்டும் இல்லாமலும் நிரல் கம்பைல் ஆகும். பேச்சை வேவ் கோப்பாக எழுதிக் கொடுக்கும். வழக்கமான வேவ் கோப்பு என்பது 44 பைட் தலைப்பு, பிறகு வரிசையாக எண்கள். அதை எழுத ஒரு மாலை நேரம் போதும். லைப்ரரியைத் தூக்கி எறிவதைவிட, அது இல்லாத நாளிலும் நிரல் ஏதோ ஒரு வேலை செய்யும்படி வைப்பதுதான் எனக்குப் பெரிய திறமையாகப் படுகிறது.

இதைவிடக் கடுமையான வழி ஃப்ளைட். எடின்பரோவின் ஃபெஸ்டிவல் பேச்சு நிரல் சி++இல் எழுதப்பட்டது. உள்ளே ஸ்கீம் மொழிக்கு ஒரு இயக்கி வேறு. ஆராய்ச்சிக்கு அருமை, கையடக்கக் கருவிக்குப் பெரும் சுமை. கார்னகி மெலனில் ஆலன் பிளாக்கும் கெவின் லென்சோவும் அதைச் சுத்தமான சி மொழியில் புதிதாக எழுதினார்கள். குரலின் தரவைக்கூட சி நிரலாகவே மாற்றி உள்ளே கட்டிவிட்டார்கள். அப்படிக் கட்டிய குரலுக்கு, தேடித் திறக்கத் தனிக் கோப்பே வேண்டாம். ஃப்ளைட்டுக்குத் தமிழ்க் குரலும் உண்டு.

அட்டையோடு பேசும் லைப்ரரியான டேவிட் ரீடின் மினிஆடியோ மூன்றாவது ரகம். ஒரே ஒரு கோப்பு. லினக்ஸின் ஒலி அமைப்புகளான அல்சாவோ பல்ஸ்ஆடியோவோ இருக்கிறதா என்று கம்பைல் செய்யும்போது கேட்காது, ஓடும்போதுதான் தேடும். இருப்பதைப் பிடித்துக்கொள்ளும்.

இதற்கெல்லாம் விலையில்லாமல் இல்லை. வோர்பிஸ் ஒலிக் கோப்பைப் பிரிக்கும் ஷான் பாரெட்டின் எஸ்டிபி வோர்பிஸும் ஒரே கோப்புதான். எண்ணற்ற விளையாட்டு நிரல்கள் அதை அப்படியே எடுத்து உள்ளே போட்டுக்கொண்டன. 2023இல் அதில் நினைவகத்தை மீறி எழுதும் ஓட்டைகள் பல வெளிவந்தன. பொது லைப்ரரியாக இருந்தால் ஓர் இடத்தில் சரிசெய்தால் முடிந்தது. நகலெடுத்தவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே சரிசெய்ய வேண்டும். பாதிப் பேருக்கு உள்ளே நகல் இருப்பதே மறந்திருக்கும். டெபியன் லினக்ஸ்காரர்கள் இப்படி நகல் வைப்பதை விரும்பாததற்குக் காரணம் இதுதான். ஊர்பேர் தெரியாதவர் அனுப்பும் கோப்பைப் பிரித்துப் படிக்கிற வேலை என்றால் நானும் அவர்கள் கட்சி. சொந்த எண்களை அட்டைக்கு அனுப்புகிற வேலைக்கு அந்தப் பயம் அவ்வளவு இல்லை.

எல்லாவற்றையும் துறந்தாலும் லினக்ஸில் பெரும்பாலும் ஒன்று மிச்சமிருக்கும்: ஜிலிப்சி, அதாவது சி மொழியின் அடிப்படை லைப்ரரி. இந்த ஆண்டு உபுண்டுவில் கட்டிய நிரலைப் பத்தாண்டுப் பழைய லினக்ஸில் போட்டால், பதிப்புப் போதாது என்று அது பெரும்பாலும் திறக்க மறுத்துவிடும். பழையதில் கட்டியது புதியதில் பொதுவாக ஓடும். அதனால்தான் நிரல் வெளியிடுபவர்கள் பழைய லினக்ஸ் ஒன்றைக் கட்டுவதற்கென்றே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அதை எப்படி அமைப்பது, எவ்வளவு பழையதாக இருக்கலாம் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)