இன்னொரு விமானத்தின் எண்ணைச் சுமக்கும் டகோட்டா

நம்ம சாரத்துக்குப் பக்கத்திலேயே லாஸ்பேட்டை விமான நிலையம் இருக்கிறது. 2024 டிசம்பரில் அங்கிருந்து பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் விமானம் விட்டார்கள். அதன் இரண்டு இறக்கையிலும் காற்றாடி சுற்றுவதைக் கவனித்தீர்களா? அதே மாதிரி இரண்டு காற்றாடி உள்ள, சுமார் 80 வயதான ஒரு போர்க்கால விமானத்தைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன்.

அதுதான் டகோட்டா. 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் நம் விமானப்படை நடத்திய சாகச நிகழ்ச்சியில் ரஃபேல், தேஜஸ் கூட இதுவும் பறந்தது. இதற்கு வைத்திருக்கும் பெயர் பரசுராமா. உடம்பில் எழுதியிருக்கும் எண் வி.பி. 905.

இந்த எண்ணில்தான் விஷயமே இருக்கு. 1947 அக்டோபர் 27 அன்று காஷ்மீரைக் காப்பாற்ற சீக்கியப் படைவீரர்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீநகருக்குப் போன முதல் டகோட்டாவின் எண் வி.பி. 905. ஆனால் இப்போது பறப்பது அந்த விமானம் இல்லை! இது இங்கிலாந்தில் இருந்த வேறொரு டகோட்டா. ராஜீவ் சந்திரசேகர் என்பவர் எம்.பி.யாக இருந்தபோது 2011-ல் இதை வாங்கிச் சரிசெய்து விமானப்படைக்குப் பரிசாகக் கொடுத்தார். அவருடைய அப்பா டகோட்டா ஓட்டிய விமானி. 2018 ஏப்ரல் 17 அன்று கவென்ட்ரியில் கிளம்பி, பல நாடுகளில் நின்று நின்று, ஏப்ரல் 25 அன்று ஜாம்நகர் வந்து சேர்ந்தது. மே 4 அன்று ஹிண்டன் தளத்தில் படையில் சேர்த்தார்கள்.

இதை எங்க அண்ணன்கிட்ட சொன்னேன். "அப்போ அது டூப்ளிகேட்தானே?" என்று சிரித்தான். நானும் யோசித்துப் பார்த்தேன். நாடகத்தில் கட்டபொம்மன் வேஷம் போடுகிறவரை யாரும் ஏமாற்றுக்காரர் என்று சொல்வதில்லை. "நான்தான் நிஜக் கட்டபொம்மன்" என்று சொன்னால்தான் அது பொய். மரியாதைக்காக இந்த எண்ணைப் போட்டிருக்கிறோம் என்று விமானப்படை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. வெளிநாட்டில் இதற்கும் மேலே போகிறார்கள். ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 262 என்ற பழைய ஜெட் போர் விமானத்தை அமெரிக்காவில் புதிதாகவே செய்து 2002-ல் பறக்கவிட்டார்கள். வெளித்தோற்றம் பழசு, உள்ளே இருப்பது பிற்கால எஞ்சின்.

சரி, பழைய விமானத்தை ஓட்டுவது சுலபமா? இல்லவே இல்லை.

1. கிளப்புவது: டகோட்டாவின் ஒவ்வொரு எஞ்சினிலும் 14 சிலிண்டர்கள் பூ இதழ் மாதிரி வட்டமாக இருக்கும். சும்மா நிற்கும்போது எண்ணெய் கீழ் சிலிண்டர்களில் இறங்கித் தேங்கிவிடும். அப்படியே கிளப்பினால் எஞ்சின் உடையலாம். அதனால் முதலில் காற்றாடியை மெதுவாகச் சில சுற்று சுற்றிப் பார்ப்பார்கள். கிளம்பும்போது வரும் புகை, மீதி எண்ணெய் எரிவதுதான். பயப்பட வேண்டாம்.

2. இறக்குவது: இப்போதைய விமானங்களுக்கு மூக்குக்குக் கீழே சக்கரம் இருக்கும். டகோட்டாவுக்கு வாலில் சின்னச் சக்கரம். பாரம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. பொம்மை வண்டியைக் கயிறு கட்டி இழுத்தால் நேராக வரும், பின்னாலிருந்து குச்சியால் தள்ளினால் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும் இல்லையா? அதே கதைதான். விமானம் நிற்கும்வரை விமானியின் கால்கள் சுக்கான் மிதியை விடவே கூடாது.

3. சேர்ந்து பறப்பது: இதன் வேகம் மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர். ஜெட் போர் விமானத்துக்கு அது தரையிறங்கும் வேகம் மாதிரி. அதனால்தான் 2021 குடியரசு தின விழாவில் இதன் இரண்டு பக்கமும் ஹெலிகாப்டர்கள் பறந்தன.

இவ்வளவு கஷ்டம் எதற்கு, மியூசியத்தில் வைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். ஆபத்தும் உண்மைதான். 2022 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டல்லாஸ் நகரக் கண்காட்சியில் இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்கள் இரண்டு வானத்தில் மோதி, அவற்றில் இருந்த ஆறு பேரும் இறந்துபோனார்கள்.

ஆனாலும் பறக்க வேண்டும் என்பதே என் கருத்து. மியூசியத்தில் வைத்தால் விமானம் இருக்கும், அதை ஓட்டத் தெரிந்தவர்களும் ரிப்பேர் பண்ணத் தெரிந்தவர்களும் இருக்க மாட்டார்கள். பாட்டியின் அம்மிக்கல் வீட்டில் இருக்கு, அரைக்கத் தெரிந்தவர் யார் இருக்கா? அந்த மாதிரி ஆகிவிடும். ஆனால் குட்டிக்கரணம் எல்லாம் வேண்டாம். மெதுவாக, நேராக, கூட்டத்துக்குத் தள்ளியே பறந்தால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெரினாவில் அன்று மேலே பறந்த விமானங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கீழே வெயிலிலும் நெரிசலிலும் வந்தவர்களில் ஐந்து பேர் இறந்துபோனார்கள். 80 வயது விமானத்தை ஒவ்வொரு திருகாணியாகப் பார்த்துத்தான் மேலே அனுப்புகிறார்கள். அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கும் அதே அக்கறையோடு தண்ணீரும் நிழலும் திரும்பிப் போக வழியும் வேண்டும் அல்லவா? நீங்களே சொல்லுங்கள்!